52-இலிருந்து 56-க்கு: ஃபிரேமை மட்டும் மாற்றினால் போதுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். உயரம் 181 செ.மீ., உள்கால் அளவு 87 செ.மீ. தள்ளுபடியில் கிடைத்ததே என்று 52 அளவு அலுமினிய ரோடு பைக் வாங்கினீர்கள். ஒன்பது கியர் ஷிமானோ சோரா (அந்த நிறுவனத்தின் எளிய கியர் செட்), ரிம் பிரேக், 90 மி.மீ. ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கிற குட்டைத் துண்டு). சீட்டைத் தாங்குகிற போஸ்ட்டை, அதில் பொறித்திருக்கிற எல்லைக் கோட்டுக்கு மேல் இழுத்து ஓட்டியதைப் பார்த்து மெக்கானிக் திட்டினார், இறக்கிவிட்டீர்கள். இப்போது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்புவதற்குள் உள்ளங்கை மரத்துப்போகிறது. 56 அளவில் ஒரு பழைய ஃபிரேம், ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை) இல்லாமல், மலிவாகக் கிடைக்கிறது. இருக்கிற பாகங்களைக் கழற்றி அதில் மாட்டிவிடலாமா என்கிறீர்கள்.

ஃபிரேம் சின்னது என்பது சரி. ஆனால் உங்கள் ஃபோர்க் அந்த ஃபிரேமில் சேராது. அந்த ஒரு பாகத்திலேயே "மலிவு" என்ற பேச்சு முடிந்துவிடும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் இரண்டு வலிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவற்றின் காரணம் வேறு வேறு.

முழங்கால் வலிக்கு ஃபிரேம் காரணமில்லை, சீட் தாழ்ந்திருப்பதுதான் காரணம். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரம். சீட் உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: உள்கால் அளவை 0.883 ஆல் பெருக்குங்கள். ரெனோ பந்தயக் குழுவின் இயக்குநர் சிரில் கிமாரிடமிருந்து கற்று, அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கியது. உங்களுக்கு 87 × 0.883 = 76.8 செ.மீ. பெடல் கைகள் இரண்டும் சுழலும் நடு மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் குழாயை ஒட்டி அளக்க வேண்டும். இது வேதவாக்கு இல்லை. இங்கிருந்து தொடங்கி ஐந்து மி.மீ. மேலே கீழே நகர்த்திப் பார்க்கலாம். 87 என்ற எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். பேண்ட் தைக்கிற அளவைக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட் அழுத்துகிற அளவுக்கு மேலே அழுத்தி, அதன் மேல்விளிம்பைச் சுவரில் குறித்துக்கொண்டு, தரையிலிருந்து அளக்க வேண்டும்.

உங்கள் ஃபிரேமில் 52 என்று ஒட்டியிருந்தாலும், சீட் குழாயை டேப் வைத்து அளந்தால் 48 செ.மீ. தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏமாற்று வேலை இல்லை. அந்தக் காலத்து ஃபிரேமில் மேல் பார் தரைக்கு இணையாகப் போகும். சீட் குழாயின் நீளம்தான் சைக்கிளின் அளவு. நம் ஊர்க் கடைகளில் 22 இன்ச், 24 இன்ச் என்று அளவு சொன்னதும் அந்தக் கணக்கில்தான். அப்பாவின் 24 இன்ச்சில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்ட தலைமுறைக்கு, "ஃபிரேம் பொருந்துவது" என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை. 1990களின் பிற்பகுதியில் ஜயன்ட் நிறுவனத்துக்காக மைக் பரோஸ் மேல் பாரைப் பின்னோக்கிச் சரித்து, சீட் குழாயைக் குட்டையாக்கி, மூன்றே அளவில் டி.சி.ஆர். வண்டியை வடிவமைத்தார். பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிளுக்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். அதன்பின் எல்லோரும் பாரைச் சரித்துவிட்டார்கள். ஆக, இன்று 52, 54, 56 என்பவை சட்டை காலரில் இருக்கிற எண் மாதிரி. ஒரு நிறுவனத்தின் 54 இன்னொருவரின் 56 ஆக இருக்கலாம்.

(இடையில் ஒன்று. கடையில் "29 போட்டுக்குங்க சார், நீங்க உயரம்" என்பார்கள். 26, 27.5, 29 எல்லாம் சக்கரத்தின் அளவு. ஆளுக்குப் பொருந்துவதற்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.)

மறுபடி உங்கள் சீட்டுக்கு வருவோம். சீட் உயரம் 76.8-இல் சீட் குழாயின் 48 போனால் மீதி 28.8. அதில் சீட்டின் தடிமன் ஐந்து செ.மீ. கழித்தால், போஸ்ட் சுமார் 24 செ.மீ. வெளியே நிற்க வேண்டும். உங்களிடம் இருப்பது 300 மி.மீ. போஸ்ட். ஆறு செ.மீ. மட்டும் உள்ளே இருந்தால் எல்லைக் கோடு வெளியே தெரியத்தான் செய்யும், மெக்கானிக் திட்டியது நியாயம். அப்படியே ஓட்டினால் போஸ்ட் மட்டுமல்ல, ஃபிரேமின் சீட் குழாயும் மேல் முனையில் விரிந்து கீறல் விடும். 350 மி.மீ. போஸ்ட் வாங்குங்கள், பதினோரு செ.மீ. உள்ளே போய்விடும். விட்டம் 27.2 தானா என்று பழைய போஸ்ட்டின் அடியில் பொறித்திருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முழங்கால் விஷயம் பெரும்பாலும் இதோடு தீரும்.

ஆனால் சீட் சரியான உயரத்துக்கு ஏறியதும் அடுத்த பிரச்சினை பெரிதாகும். இங்கேதான் ஃபிரேம் வருகிறது.

நிறுவன அட்டவணையிலிருந்து நீங்கள் எடுத்துத் தந்த எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியின் ஸ்டாக் 530 மி.மீ., ரீச் 377. விற்கிறவரின் ஃபிரேம் 570, 387. ஸ்டாக் என்பது பெடல் மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஃபோர்க்கின் குழாய் நுழைகிற முன்பக்கக் குழாய்) மேல் முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. ரீச் என்பது அதே முனை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது. ஃபிரேமை ஒப்பிட இந்த இரண்டையும்தான் நம்புவேன். மேல் பாரின் நீளத்தை வைத்து ஒப்பிடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. சீட் குழாய் ஒரு டிகிரி சாய்ந்தாலே, 75 செ.மீ. உயரத்தில் சீட் 13 மி.மீ. பின்னால் போய்விடுகிறது, அதனால் அந்த நீளம் உங்களை ஏமாற்றும்.

சீட் 76.8-இல் இருந்தால், சாய்வைக் கழித்து, செங்குத்தாக ஏறக்குறைய 73½ செ.மீ. உயரத்தில் உட்காருகிறீர்கள். உங்கள் இப்போதைய வண்டியில் ஸ்பேசர் (ஸ்டெம்முக்கு அடியில் அடுக்குகிற வளையங்கள்) 20 மி.மீ., ஸ்டெம் எல்லாம் சேர்த்து ஹேண்டில்பார் 60 செ.மீ. உயரத்தில் வரும். அதாவது சீட்டை விடக் கை 13½ செ.மீ. கீழே. பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிறவர், இடுப்பை மடக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் அதைத் தாங்குவார். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்புகிறவருக்கு அது கையில் எடையை ஏற்றும். உள்ளங்கை மரத்துப்போவதற்கு அந்த எடைதான் காரணம். 56-இல் அதே ஸ்பேசர், அதே ஸ்டெம்மோடு இறக்கம் 9½ செ.மீ. ஆகிவிடும்.

"அப்படியென்றால் இருக்கிற வண்டியிலேயே ஹேண்டிலை நான்கு செ.மீ. தூக்கிவிட்டால்?" என்று தோன்றும். நியாயமான யோசனை, ஆனால் உயரம் ஏறும்போது பார் பின்னாலும் வருகிறது. ஹெட் டியூப் 73 டிகிரி சாய்ந்திருப்பதால், பத்து மி.மீ. ஏற்றினால் மூன்று மி.மீ. பின்வாங்கும். நாற்பது ஏற்றினால் பன்னிரண்டு. ஆகவே ஒரே உயரத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு ஃபிரேமுக்கும் நீளத்தில் உள்ள வித்தியாசம், அட்டவணையில் தெரிகிற 10 அல்ல, 22 மி.மீ. 56-இன் இருப்பை உங்கள் 52-இல் கொண்டுவர, இன்னும் 40 மி.மீ. ஸ்பேசரும் 110 மி.மீ. ஸ்டெம்மும் வேண்டும். ஃபோர்க் குழாயை ஏற்கெனவே வெட்டிவிட்டார்கள், ஸ்பேசருக்கு இடமில்லை. இடம் இருந்தாலும், கார்பன் ஃபோர்க் குழாயில் அவ்வளவு உயரத்துக்கு அடுக்கப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

பைசா செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாக மாட்டுவது. 90 மி.மீ., 6 டிகிரி ஸ்டெம் என்றால் பார் 18 மி.மீ. உயரும், ஐந்தரை மி.மீ. பின்னால் வரும். இறக்கம் 11½ செ.மீ. பக்கம் வரும். புதிய போஸ்ட்டையும் இதையும் சேர்த்துச் செய்துவிட்டு ஒரு மூன்று ஞாயிறு ஓட்டிப் பாருங்கள். வலி போய்விட்டால் பேச்சே இல்லை. பாதி போனால், உங்களுக்குத் தேவைப்படுகிற திசை உயரம்தான் என்று உறுதியாகிவிட்டது.

என் கணிப்பைக் கேட்டால், பாதிதான் போகும். இரண்டு அளவு தள்ளி நிற்கிறீர்கள். அதோடு, 181-க்கு 87 என்பது கால் நீளமான உடம்பு. அப்படியானால் மேல்உடல் கொஞ்சம் குட்டை. உங்களுக்கு ரீச் அதிகம் வேண்டாம், ஸ்டாக் வேண்டும். 56 வாங்கினாலும் பந்தய வடிவில் தாழ்வாக, நீளமாக இருக்கிற 56 வேண்டாம்; நெடுந்தூர ஓட்டத்துக்காக முன்பக்கம் உயர்த்திச் செய்கிற எண்டூரன்ஸ் வகை வேண்டும். நீங்கள் சொன்ன 570/387 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, மோசமில்லை.

சரி, இப்போது ஃபோர்க்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். பெரிய ஃபிரேம் மலிவாகக் கிடைத்தது, சனிக்கிழமை இரவு பழைய வண்டியை முழுக்கப் பிரித்துப் பழைய பெட்ஷீட்டில் வரிசையாகப் பரப்பினேன். ஞாயிறு காலையில் ஃபோர்க்கைப் புது ஹெட் டியூபில் சொருகினால், மேலே இரண்டு செ.மீ. எட்டிப் பார்க்கிறது. ஸ்டெம் பிடிக்க நான்கு வேண்டும். உதவிக்கு வந்த நண்பர், தெருமுனைப் பட்டறையில் ஒரு துண்டுக் குழாய் வைத்துப் பற்றவைத்துவிடலாம் என்றார். நல்ல வேளை, நான் கேட்கவில்லை. ஃபோர்க் குழாய் பிரேக் பிடிக்கும்போது ஒடிந்தால் ஆள் முகம் குப்புற விழுவார், சமாளிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. மூன்று வாரம் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். கடைசியில் ஃபோர்க்கின் விலை ஃபிரேமின் விலையைத் தாண்டியது.

உங்கள் கணக்கும் அதேதான். உங்கள் ஹெட் டியூப் 130 மி.மீ. அதோடு ஹெட்செட் (ஃபோர்க் திரும்புவதற்கான பேரிங்) மூடி 15, ஸ்பேசர் 20, ஸ்டெம் 40. மேல் மூடி இறுக்கிப் பிடிப்பதற்காக மூன்று மி.மீ. குறைவாக வெட்டியிருப்பார்கள். ஆக, உங்கள் ஃபோர்க் குழாயின் நீளம் 202 மி.மீ. புது ஃபிரேமின் ஹெட் டியூப் 170. ஒரு ஸ்பேசர்கூட வைக்காமலே 222 தேவை. 20 மி.மீ. குறைகிறது. ஸ்பேசர் வைக்க வேண்டுமென்றால் 40 குறைகிறது. பெரிய ஃபிரேம் என்றால் நீளமான ஹெட் டியூப் என்றுதான் அர்த்தம். எனவே சின்னதிலிருந்து பெரியதற்குப் போகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இங்கே முட்டிக்கொள்கிறார்கள். பெரியதிலிருந்து சின்னதற்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, குழாயை வெட்டினால் போதும்.

வெட்டாத புது ஃபோர்க் தேடும்போது முதலில் ஹெட் டியூபின் கீழ் வாயைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே விட்டமா, இல்லை கீழே அகலமா? நேர்க் குழாய் ஃபோர்க் என்றால் ஒன்றே அரைக்கால் இன்ச், அதாவது 28.6 மி.மீ. கீழே ஒன்றரை இன்ச்சுக்கு விரிகிற ஃபோர்க்கை, அந்த 28.6-க்கென்று செய்த நேர் ஹெட் டியூபில் ஏற்றவே முடியாது. எதிர்மாறாக என்றால் அதற்கென்று ஹெட்செட் கிடைக்கும். ஃபோர்க்கின் ஆஃப்செட் (ஃபோர்க் குழாயின் நேர்க்கோட்டை விடச் சக்கர அச்சு முன்தள்ளி நிற்கிற தூரம்) 43 முதல் 45 மி.மீ.-க்குள் இருக்கிறதா, ரிம் பிரேக்குக்கு ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது வருகிற ஃபோர்க்குகள் பெரும்பாலும் டிஸ்க் பிரேக்குக்கானவை. ரிம் பிரேக் ஃபோர்க் கடையில் கேட்டதும் கிடைக்கிற பொருளாக இல்லை.

மற்ற பாகங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். உங்கள் பின் சக்கரத்தின் ஹப் அகலம் 130 மி.மீ. ஃபிரேமின் பின் கவையின் உள் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். 135 என்றால் பெரும்பாலும் ஹைபிரிட் ஃபிரேம், 142 என்றால் டிஸ்க் ஃபிரேம், இரண்டுமே உங்களுக்கு ஆகாது. இரும்பு ஃபிரேமாக இருந்தால் அனுபவமுள்ளவர் கவையை விரிக்கலாம், சுருக்கலாம். அலுமினியத்தில் அதைச் செய்ய யார் முன்வந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பி.பி. கூடு (பாட்டம் பிராக்கெட், பெடல் கைகளின் அச்சு சுழலும் இடம்) மரையுள்ள 68 மி.மீ. வகை என்றால் உங்கள் சோரா கிராங்க்கும் பேரிங் கப்பும் அப்படியே ஏறும். மரையில்லாமல் அடித்து இறக்குகிற வகை என்றால் அந்தக் கூட்டின் அளவுக்குப் புது கப் வாங்க வேண்டும். மரை வகையில் செயின் பக்கக் கப் இடதுமரை. இதை மறந்து பலம் காட்டியவர்கள் மரையைத் தின்றிருக்கிறார்கள். முன் கியர் மாற்றி, சீட் குழாயைச் சுற்றிப் பிடிக்கிற வகையா, ஃபிரேமில் இருக்கிற காதில் மாட்டுகிற வகையா என்று பாருங்கள். சுற்றிப் பிடிப்பது என்றால் 28.6, 31.8, 34.9 என்று மூன்று விட்டம் உண்டு. போஸ்ட் 27.2 ஆக இருக்க வேண்டும், இல்லையென்றால் 350 மி.மீ. போஸ்ட்டுக்குக் கொடுத்த காசும் வீண். பெரிய ஃபிரேமில் பழைய கேபிள்கள் எட்டாது. உள் கம்பி, வெளி உறை, ஹேண்டில் டேப் எல்லாம் புதிது போட வேண்டும். டிரெயிலியர் ஹேங்கர், அதாவது பின் கியர் மாற்றி தொங்குகிற அந்தச் சின்னக் காது, அந்த ஃபிரேமுக்கே உரியது. ஒடிந்தால் வேறு கிடைக்குமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

பழைய ஃபிரேம் என்பதால் நேரில் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஹெட் டியூபுக்குப் பின்னால் கீழ்க்குழாயின் அடிப்பக்கம், பி.பி.யைச் சுற்றி, சீட் குழாயின் வாய், இந்த மூன்று இடத்திலும் நகத்தை ஓட்டுங்கள். பெயிண்ட்டில் முடிபோல ஒரு கோடு தட்டுப்பட்டால் வேண்டாம். பற்றவைத்துச் சரி செய்தது என்றாலும் வேண்டாம். அலுமினியக் குழாயின் வலு, பற்றவைத்தபின் ஆலையில் சூடேற்றிப் பதப்படுத்துவதில் வருகிறது; பட்டறையில் மறுபடி காய்ச்சினால் அது போய்விடும், பார்வைக்கு மட்டும் பளபளக்கும். பழைய போஸ்ட் அதிலேயே இருந்தால் உங்கள் கண்முன்னே உருவிக் காட்டச் சொல்லுங்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து போஸ்ட்டை ஃபிரேமோடு ஒட்டவைத்துவிடும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கோட்டம் பார்க்க ஒரு நூல்கண்டு போதும். ஒரு பக்கப் பின் கவையில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கக் கவையில் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மி.மீ. பரவாயில்லை, மூன்று என்றால் அந்த வண்டி எங்கோ பலமாக அடிபட்டிருக்கிறது. பி.பி.க்கு அடியில் பொறித்த எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, பில் பற்றிக் கேட்டதும் பேச்சு மாறினாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வந்துவிடுங்கள்.

இனிப் பணத்தைக் கூட்டுங்கள். ஃபிரேம், ஃபோர்க், ஹெட்செட், கேபிள் செட், டேப், ஒருவேளை பி.பி. கப்பும் கியர் மாற்றிக் கிளாம்ப்பும், வேலை தெரிந்தவரின் கூலி. மறுபக்கம், கையில் மிஞ்சுகிற 52 அளவு வெற்று ஃபிரேமும் குட்டை ஃபோர்க்கும் நம் ஊரில் விலை போகாது. மொட்டை மாடியில் கிடக்கும். அதே 52-ஐ முழு வண்டியாக, சுத்தம் செய்து, ஐந்தரை அடி ஆளுக்கு விற்றால் நல்ல விலை வரும். அந்தப் பணத்தோடு ஃபோர்க், ஹெட்செட்டுக்குப் போகவிருந்த தொகையைச் சேர்த்தால், 56 அளவில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய எண்டூரன்ஸ் வண்டி வாங்க முடியலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன். ஃபிரேம் மாற்றம் எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் சக்கரமும் கியரும் உயர்தரமாக இருந்து, அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்றால்தான் அதற்கு அர்த்தம். சோராவுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

விற்கிறவரிடமே வெட்டாத அசல் ஃபோர்க் பரணில் கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஃபிரேமை மட்டும் விற்கிற பலரிடம் இருக்கும். இருந்தால் நான் மேலே சொன்ன கணக்கு அப்படியே புரண்டுவிடும், தைரியமாக வாங்கலாம்.

எந்த வழியில் போனாலும், 52-ஐக் கழற்றுவதற்கோ விற்பதற்கோ முன்னால், புது போஸ்ட்டும் திருப்பிய ஸ்டெம்மும் போட்டு ஓட்டிப் பழகிய நிலையில் மூன்று அளவுகளை எடுத்து எழுதிவையுங்கள்: பெடல் மையத்திலிருந்து சீட் உச்சி, சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடு, தரையிலிருந்து சீட்டும் பாரும் தனித்தனியே. பெரிய ஃபிரேமில் சீட் உயரத்தை அப்படியே வையுங்கள். 90 ஸ்டெம்மை மாற்றாமல், முதலில் இருந்த பக்கமாகவே திருப்பி மாட்டித் தொடங்குங்கள். சீட் குழாய் அதிகம் சாய்ந்திருந்தால் சீட்டை அதன் அடியிலுள்ள கம்பித் தண்டவாளத்தில் பத்துப் பன்னிரண்டு மி.மீ. முன்னால் தள்ளுங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குள் கை மறுபடி மரத்தால், ஸ்டெம்மை 80 ஆக்கிப் பாருங்கள். அதற்கும் கீழே போக வேண்டிவந்தால் 56 உங்களுக்கு நீளம் என்று பொருள். 54 எண்டூரன்ஸ் ஒன்றில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.